ஆறு விலகிய பாலம்

பாலம் என்றால் அடியில் தண்ணீர் ஓட வேண்டும். இங்கிலாந்தின் வடகோடியில், நார்த்தம்பர்லாந்தின் சோலர்ஃபோர்டு ஊரிலிருந்து ஆற்றோரமாகத் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற பாலத்தின் அடியில் புல் வளர்ந்திருக்கிறது. சுற்றிலும் மரங்கள். பழைய மதில் ஒன்று மேட்டிலிருந்து இறங்கி வந்து, மணற்கல்லால் ஆன பெரிய மேடை ஒன்றில் முட்டி நின்றுவிடுகிறது. ஆற்றின் இரைச்சல் கேட்கிறது. ஆனால் ஆறு அங்கே இல்லை. சுமார் 20 மீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது.

எதிர்க்கரையில் கோட்டை. இன்றைய பெயர் செஸ்டர்ஸ். ரோமானியர் காலத்தில் கிலுர்னும். வருகிறவர்களில் பலர் கோட்டையைச் சுற்றிவிட்டு, அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டை அங்கே வந்ததே இந்தப் பாலத்துக்காகத்தான். அதனால் நாம் பாலத்திலிருந்து தொடங்குவோம்.

கி.பி. 122-ல் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தார். பேரரசின் வடஎல்லையில், கடலிலிருந்து கடல்வரை, 117 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதில் எழத் தொடங்கியது. மேடு பள்ளம் பார்க்காமல் மதிலை இழுத்துக்கொண்டே போகலாம். ஆற்றை என்ன செய்வது? வட டைன், இர்திங், ஈடன் என மூன்று ஆறுகள் வழியில் குறுக்கிட்டன. மதில் ஆற்றங்கரையில் நின்றுபோனால் அந்த இடைவெளியே எதிராளிக்கு வாசல். எனவே ஆற்றின் மேலும் மதிலின் தொடர்ச்சி வேண்டும். செஸ்டர்ஸில் கட்டிய முதல் பாலம் அதற்குத்தான்: மூன்று மீட்டர் அளவுக்கே அகலம், காவல்வீரர்கள் வரிசையாக நடந்து போகப் போதும். வண்டிப் பாதையாக அதைக் கருதியதாகத் தெரியவில்லை.

அந்த முதல் பாலத்தின் தூண் ஒன்று இன்றும் இருக்கிறது. எங்கே என்பதுதான் வேடிக்கை. பின்னால் வந்தவர்கள் பெரிய பாலம் கட்டியபோது பழைய தூணை இடிக்கச் சோம்பிப்போய், புதிய கரைமேடையின் வயிற்றுக்குள்ளேயே அதை வைத்துக் கட்டிவிட்டார்கள். நீரைக் கிழிக்கும் கூர்மூக்கோடு, தரையில் பதிந்த படகு மாதிரி அது தெரிகிறது. கல்லுக்குக் கல் இணைத்த இடத்தில் உடுக்கை வடிவத்தில் பள்ளங்கள்: நடுவில் ஒடுங்கி, இரு முனையிலும் விரிந்தவை. அந்தப் பள்ளத்தில் அதே வடிவ இரும்பை இறக்கிவிட்டால் இரண்டு கற்களும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது.

இரண்டாம் பாலத்தைக் கட்டியவர்கள் வேறு ரகம். கரைக்குக் கரை சுமார் 58 மீட்டர். நடுவில் மூன்றே தூண்கள், நான்கு பெரிய வளைவுகள். ஒவ்வொரு வளைவின் அகலமும் பத்து மீட்டருக்கு மேல். மேலே முழு அகலச் சாலை, முனையில் ஒரு கோபுரம். கரைமேடையை அபட்மென்ட் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். செஸ்டர்ஸின் கிழக்கு அபட்மென்ட், பிரிட்டனில் ரோமானியக் கல்வேலை எந்த உயரத்துக்குப் போனது என்று பார்க்க ஏற்ற இடம். கற்களின் மேற்பரப்பில் நீளநீளமாகக் காடி வெட்டி, அதில் இரும்புச் சட்டங்களைப் படுக்கவைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றியிருக்கிறார்கள். ஈயம் வீண் ஆடம்பரம் இல்லை. இரும்பு துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் கல் வெடிக்கும். ஈயம் நீரை உள்ளே விடாது, இரும்பு அசைந்தாலும் மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும்.

பல கற்களின் நடுவில் ஒரு துளையையும் பார்க்கலாம். வாய் குறுகி, உள்ளே போகப்போக அகன்ற துளை. அதில் சரிவான இரும்புத் துண்டுகள் இரண்டை முதலில் நுழைத்து, நடுவில் நேரான துண்டு ஒன்றைச் செருகினால் மூன்றும் சேர்ந்து உள்ளே இறுகிக்கொள்ளும். மேலே கயிறு கட்டித் தூக்கலாம். கல்லின் எடையே பிடியை இறுக்கும். கனமான கல்லுக்கு இறுகலான பிடி. கல்லைச் சரியான இடத்தில் வைத்த பிறகு நடுத்துண்டை உருவினால் போதும். கல்லுக்கு அடியில் கயிறு மாட்டிக்கொள்கிற தொல்லை கிடையாது.

இந்தப் பாலத்தின் மேல்தளம் மரத்தால் ஆனது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கரையும் தூண்களும் கல், மேலே மரச் சட்டங்கள் என்று படங்கள்கூட வரைந்தார்கள். 1982-83-ல் நடந்த அகழாய்வில் ஆப்பு வடிவக் கற்கள் கிடைத்தன. ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் குறுகிய கல்லுக்கு உலகத்தில் ஒரே வேலைதான்: வளைவில் உட்காருவது. கைப்பிடிச் சுவரின் பலகைக் கற்களும் கிடைத்தன. சென்ட்ரிங் அடித்து, கல்லை இரு பக்கமிருந்தும் அடுக்கிக்கொண்டு வந்து, உச்சிக்கல்லைப் பொருத்திச் சாரத்தைப் பிரித்த முழுக் கற்பாலம் அது.

தூண்களை ஏன் குறைத்தார்கள்? ஆறுதான் சொல்லிக்கொடுத்திருக்கும். ஆற்றில் தூண் நட்டால் நீர் போக இருக்கும் வழி குறுகும். குறுகினால் வேகம் கூடும். தூணின் மூக்கில் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியைச் சுற்றி லாட வடிவத்தில் சுழன்று மண்ணைத் தோண்டும். வேகம் கொஞ்சம் கூடினாலும் விளைவு பயங்கரம். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹாப்கின்ஸ் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: நீரின் வேகம் இருமடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். சாதாரண நாளில் கூழாங்கல்லை உருட்டும் ஆறு, வெள்ளத்தில் தூணின் அடிக்கல்லையே கேட்கும். 1771 நவம்பரில் டைன் ஆறுகளில் வந்த வெள்ளம் நியூகாசில் உள்பட ஏறக்குறைய எல்லாப் பாலங்களையும் கொண்டுபோனது. கார்பிரிட்ஜ் பாலம் தப்பியது. சோலர்ஃபோர்டு பாலம் போனது. இப்போது அங்கே இருப்பது 1785-ல் கட்டியது. ரோமானியப் பொறியாளர்கள் தங்கள் காலத்தில் எத்தனை வெள்ளத்தைப் பார்த்தார்களோ, ஆறு எங்கே அடிக்கும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். கரைமேடையின் இரு பக்கச் சுவர்களையும் கரைக்குள் வளைத்துக் கொண்டுபோய், வெள்ளம் பின்னால் புகுந்து அரிக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். அதற்குமேல் ஒரு காப்பு வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, வெளிமுகத்தில் ஓர் ஆண்குறியையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கட்டடம் கட்டும்போது திருஷ்டிப் பூசணி தொங்குமே, அதே காரியம்.

இவ்வளவும் செய்தும் ஆறு பாலத்தை வேறு வழியில் தோற்கடித்தது. இடிக்கவில்லை, விலகிப் போனது.

ஆறு விலகுவதைப் புரிந்துகொள்ள ஒரு டம்ளர் டீ போதும். வடிகட்டாத டீயைக் கரண்டியால் கலக்கிவிட்டுப் பாருங்கள். சுழலும்போது தூள் ஓரத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் அடியில் நடுவில் வந்து குவிகிறது. டம்ளரின் அடித்தளம் உராய்வதால் கீழே உள்ள நீர் மெதுவாகச் சுழல்கிறது. மேலே உள்ளது வேகமாக. வேகமான மேல்நீர் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, ஓரமாகக் கீழே இறங்கி, அடியில் நடுநோக்கித் திரும்புகிறது. திரும்பும் போக்கில் தூளையும் இழுத்து வருகிறது. ஐன்ஸ்டைன் 1926-ல் இதையே வைத்து ஆறுகள் ஏன் வளைகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆற்றின் வளைவிலும் இதே நாடகம். வெளிக்கரையில் நீர் இறங்கி மண்ணை அரிக்கும். அடிநீர் அந்த மண்ணையும் கூழாங்கல்லையும் உள்கரைப் பக்கம் கொண்டுவந்து ஒதுக்கும். வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்றாலும் ஆயிரத்து எண்ணூறு வருடங்கள் நெடிய காலம்தானே. வட டைன் மேற்கே அரித்து, கிழக்கே வண்டலைச் சேர்த்தது. கிழக்கு முனை மண்ணுக்குள் புதைந்தது. புதைந்ததால் பிழைத்தது: கல் திருட வந்தவர்கள் கண்ணுக்கு அது தென்படவில்லை. 1860-ல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

இனி ஆற்றைக் கடந்து கோட்டைக்குப் போகலாம்.

மதில் கட்டத் தொடங்கியபோது இங்கே கோட்டை கட்டும் எண்ணமே இல்லை. சாட்சி மண்ணுக்கடியில் இருக்கிறது. கோட்டையின் கீழே, மதிலின் முன்னால் வெட்டிய அகழி கிடக்கிறது, தூர்த்த நிலையில். 1945-ல் ஒரு காவல்கோபுரத்தின் அடித்தளமும் கிடைத்தது. அதாவது மதிலையும் கோபுரத்தையும் கட்டிவிட்டு, பிறகு திட்டத்தை மாற்றி, கட்டியதை இடித்து, அகழியை மூடி, அதன்மேல் கோட்டையை எழுப்பியிருக்கிறார்கள். எல்லாம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். அரசாங்கக் கட்டட வேலை எந்தக் காலத்திலும் இப்படித்தான் போலிருக்கிறது.

கோட்டையின் பரப்பு சுமார் இரண்டேகால் ஹெக்டேர். சீட்டுக்கட்டு அட்டைபோல மூலை மழுங்கிய செவ்வகம். மதில் அதன் குறுக்கே வந்து இரு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. பெரிய வாசல்கள் நான்கு. அவற்றில் மூன்று மதிலுக்கு வடக்கே, எதிரி இருக்கும் பக்கம் திறக்கின்றன. தற்காப்புக்கு இது பொருந்தாத அமைப்பு என்று தோன்றலாம். உள்ளே இருந்தவர்கள் ஒளிந்துகொள்ள வந்தவர்கள் அல்லர், குதிரைப்படையினர். ஆபத்து என்றதும் மூன்று வாசல் வழியாகவும் ஒரே நேரத்தில் பாய்ந்து வெளியேற வேண்டும்.

முதலில் இருந்த படை வீரத்துக்காகப் பட்டம் பெற்றது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் அஸ்தூர் குதிரைப்படை. அஸ்தூரியா ஸ்பெயினின் வடகரை. கிலுர்னும் என்ற பெயருக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்று சிலர் நினைக்கிறார்கள். கிலுர்னிகி என்ற குலத்தாரின் பெயர் அங்கே கிஹோன் நகரத்தருகே கல்வெட்டில் கிடைத்திருக்கிறது. வேறு சிலர், கெல்ட் மொழியில் கொப்பரைபோல் சுழலும் மடுவைக் குறிக்கும் சொல் இது என்கிறார்கள். ஆற்றைப் பார்த்தால் இரண்டாவது விளக்கம் பிடிக்கிறது; படையைப் பார்த்தால் முதலாவது.

ஆளுநர் உல்பியஸ் மார்செல்லஸ் காலத்தில் இந்தப் படைக்குக் கால்வாய் வழியாக நீர் கொண்டுவந்ததாக இன்னொரு கல்வெட்டு. ஆறு காலடியில் ஓடும்போது கால்வாய் எதற்கு? குதிரைக் கணக்கைப் போட்டால் புரியும். படையில் சுமார் 500 குதிரைகள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு முப்பது லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 15,000 லிட்டர். மேட்டின்மேல் இருக்கும் கோட்டைக்கு அத்தனையையும் தினமும் சுமந்தால் வீரர்களுக்கு வேறு வேலை செய்ய நேரம் இருக்காது.

சரி, அந்த 500 குதிரைகளும் எங்கே நின்றன?

இந்தக் கேள்வி ஆய்வாளர்களை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அலைக்கழித்தது. அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் விடை வைத்திருந்தார்கள். இங்கே குதிரைப்படை இருந்தது, 500 குதிரைகள் கட்டும் லாயம் மண்ணுக்கடியில் இருக்கிறது என்பது வழிவழியாக வந்த பேச்சு. படித்தவர்கள் சிரித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையின் நடுவே தோண்டியபோது படிக்கட்டு தெரிந்தது. கீழே வளைகூரை போட்ட அறை. ஊருக்கு ஒரே பரபரப்பு. ஆனால் அது குதிரைக்கான இடமில்லை. படையின் சம்பளப் பணத்தைப் பூட்டிவைக்கும் கருவூலம். இரும்பு ஆணி அடித்த ஓக் மரக் கதவு அப்போதும் அங்கே இருந்தது. காற்றுப் பட்டதும் உதிர்ந்துபோனது. கருவூலத்தின் வளைகூரை இன்றும் கெடாமல் இருக்கிறது; எட்டிப் பார்க்கலாம்.

பிறகு வந்த ஆய்வாளர்கள் லாயத்தைத் தனிக் கட்டடமாகத் தேடினார்கள். நீண்ட, திறந்த கூடம், தீவனத் தொட்டி, இப்படித்தானே இருக்க வேண்டும்? கிடைக்கவில்லை. குதிரைகள் கோட்டைக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் நின்றிருக்கும் என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. எதிரி எல்லையில் குதிரையை வெளியே கட்டிவிட்டு உள்ளே தூங்கும் குதிரைப்படையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

விடை முதலில் ஜெர்மனியில், ரைன் கரையிலுள்ள டோர்மாகன் போன்ற கோட்டைகளில் கிடைத்தது. பிறகு 1990-களின் இறுதியில், இதே மதிலின் கிழக்கு முனையிலுள்ள வால்ஸெண்டில் உறுதியானது. வீரர்கள் தங்கும் நீண்ட கட்டடத்தில் ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு அறைகள், ஒன்றன்பின் ஒன்றாக. பின்னறையில் அடுப்பு. முன்னறையின் தரையில் நீளமான குழி. அடுப்பு வீரர்களுடையது. குழி? அது மூத்திரக்குழி. முன்னறையில் மூன்று குதிரைகள், பின்னறையில் மூன்று வீரர்கள். குழியின்மேல் பலகையோ கல்லோ போட்டு மூடியிருக்கிறார்கள். குதிரைகள் அதன்மேல் நிற்க, மூத்திரம் கீழே வடிந்திருக்கிறது. இத்தனை நாளும் ஆய்வாளர்கள் லாயத்துக்குள்ளேயே நின்றுகொண்டு லாயத்தைத் தேடியிருக்கிறார்கள்.

இந்தக் கண்ணோடு செஸ்டர்ஸில் தெரியும் வீரர் குடியிருப்பைப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் தெரு, தெருவில் வாய்க்கால், தூண்கள் தாங்கிய தாழ்வாரம். வரிசையின் ஆற்றுப்பக்க முனையில் அதிகாரிக்குப் பெரிய வீடு. பத்து அறைகள், அறைக்கு மூன்று பேர். முப்பது வீரர்கள் கொண்ட ஒரு துருப்பு அப்படியே ஒரு வரிசையில் அடங்கும். நள்ளிரவில் கொம்பு ஊதினால் வீரன் எழுந்து ஒரு கதவைத் தாண்டினால் போதும், அவன் குதிரை. பனிக்காலத்தில் இன்னொரு லாபமும் உண்டு. சும்மா நிற்கும் குதிரையின் உடலே சில நூறு வாட் வெப்பத்தை விடுகிறது. மூன்று சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவாட் ஹீட்டர். நாற்றத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 500 குதிரைகளின் லத்தி ஒரு நாளைக்குக் குறைத்துச் சொன்னாலும் ஏழு டன்னுக்குக் குறையாது. அதை அள்ளி வெளியேற்றும் வேலையைப் பற்றி எந்தக் கல்வெட்டும் மூச்சுவிடவில்லை.

நாற்றம் என்றதும் குளியல்கூடம். கோட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவே, சரிவில், கோட்டைச் சுவருக்கு வெளியே கட்டியிருக்கிறார்கள். எந்நேரமும் தீ எரியும் கட்டடத்தைக் கோட்டைக்குள் வைக்கப் பயந்திருக்கலாம். சரிவின் மண் மூடியதால் சில சுவர்கள் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கின்றன. உடைமாற்றும் அறையின் சுவரில் வரிசையாக ஏழு மாடக்குழிகள். அதைத் தாண்டினால் குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, சுடச்சுட ஆவியடிக்கும் அறை. தரையைக் குட்டைத் தூண்களின்மேல் தூக்கிவைத்து, அடியில் அடுப்பின் புகையையும் வெப்பக் காற்றையும் ஓடவிட்டார்கள். கனமான தரை சூடேற நேரமாகும். சூடேறிவிட்டால் எளிதில் ஆறாது. வெறுங்காலோடு நடக்க முடியாது, மரக்கட்டைச் செருப்பு வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்தவனுக்கு இந்த ஊர்க் குளிரில் இதைவிடப் பெரிய ஆறுதல் இருந்திருக்காது. சமையலில் மிளகும் கிடைத்திருக்கலாம். மேற்கே சில மைல் தள்ளியுள்ள விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரச்சீட்டுகளில் ஒன்று இரண்டு டினாரியஸ் விலைக்கு மிளகைக் குறிக்கிறது. அந்த மிளகு அன்றைய சேரநாட்டுக் கரையிலிருந்து கப்பலேறியது.

இவற்றையெல்லாம் நாம் பார்க்க முடிவதற்குக் காரணம் ஜான் கிளேட்டன் என்ற வழக்கறிஞர். அவருடைய தந்தை நத்தானியேல் கிளேட்டன் 1796-ல் இந்த நிலத்தை வாங்கினார். தன் மாளிகைக்கு முன்னால் அழகான புல்வெளி வேண்டும் என்று மேடுகளைச் சமன்செய்து கோட்டையை மூடினார். மகன் ஜான் கிளேட்டன் 1843-ல் அதே புல்வெளியைத் தோண்டத் தொடங்கினார். நியூகாசில் நகரச் செயலராக இருந்த அவர், கல் திருட்டைத் தடுக்க மதில் ஓடும் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். 1890-ல் இறக்கும்போது ஐந்து கோட்டைகள் அவருக்குச் சொந்தம். அவர் சேகரித்தவற்றுக்காக 1896-ல் அருங்காட்சியகம் எழுந்தது. குடும்பத்தில் பின்னால் வந்த ஒருவரின் சூதாட்டக் கடனில் 1929-ல் நிலம் ஏலத்துக்குப் போனது வேறு கதை.

அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்த பொருள் ஒரு வெண்கல மரக்கால். 1915-ல் கார்வோரன் கோட்டையில் கிடைத்தது. பதினேழரை ரோமானியப் படி பிடிக்கும் என்று அதன்மேல் பொறித்திருக்கிறது. உண்மையில் அளந்தால் அதைவிட ஏறத்தாழ இரண்டு லிட்டர் கூடுதலாகப் பிடிக்கிறது. அளவுக்கோடு காட்டும் தகடு ஒன்று உள்ளே இருந்து காணாமல் போயிருக்கும் என்பது ஒரு விளக்கம். வரித் தானியம் கொண்டுவந்த உள்ளூர் விவசாயிக்கு வேறு விளக்கம் தோன்றியிருக்கும்.

ஆற்றின் மேற்பகுதியில் கீல்டர் அணை 1982 முதல் இயங்குகிறது. வட டைனின் வெள்ளம் முன்னைப்போல் தன் இஷ்டத்துக்கு வருவதில்லை. அணையிலிருந்து நீர் குறைவாக வரும் கோடை நாளில் குளியல்கூடத்துக்குக் கீழே கரையில் நின்று பார்த்தால், கரிமண் கரைந்த பழுப்பு நீருக்கடியில், ஆற்றுக்கே உரிய உருண்டைக் கற்களுக்கு நடுவே, விளிம்பு நேராக வெட்டிய பெரிய கற்கள் தெரிகின்றன. இரண்டாம் பாலத்தின் தூண் அது. மேற்குக் கரைமேடையும் அருகில்தான் இருக்கிறது, தண்ணீருக்குள்.